ரூரிக்கால் நின்றுபோன கல்யாணம்

பேரன்புள்ள தைசியா அக்காவுக்கு,

நோவ்கொரோதிலிருந்து உன் தம்பி வெனியமின் பணிந்து வணங்கி எழுதுவது. இரத்தக் கொதிப்பையும் இடது முழங்காலையும் சம்பந்தி வீட்டாரையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம். அங்கே தோத்மாவில் நீயும், அத்தானும், உன் கோழிகளும், போன தடவை என்னைக் கடித்த அந்த வாத்தும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கைபேசி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடிப்பதால் இவ்வளவையும் கையால் எழுத வேண்டியிருக்கிறது. விரல் வலித்தால் அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். உஸ்தீனியாவின் கல்யாண ரொட்டிக்கு மாவு எடுத்து வைத்திருந்தால் அதைத் திரும்பப் பானையில் கொட்டிவிடு. ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கல்யாணம் நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்பாய். ரூரிக் நிறுத்தினான்.

சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சரித்திரப் பாடத்தில் படித்த அதே ரூரிக்தான். நம்முடைய முன்னோர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு அலுத்துப்போய், கடலுக்கு அப்பால் ஆள் அனுப்பி, எங்களுக்குள் ஒத்துவரவில்லை, நீங்களாவது வந்து ஆளுங்கள் என்று கெஞ்சிக் கூட்டிவந்தார்களே, அவன். இவ்வளவு மானக்கேடான கதை வேறு எந்த ஊரில் நடந்திருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். நாம் அதற்கு வெண்கலத்தில் சிலை வைத்தோம். போகட்டும். வந்தவன் முதலில் எந்த ஊரில் குடியேறினான் என்பதையாவது தெளிவாக எழுதி வைத்திருக்கலாம் இல்லையா? பழைய ஏட்டில் ஒரு பிரதி லதோகா என்கிறது, இன்னொரு பிரதி நோவ்கொரோத் என்கிறது. எழுதிய துறவிக்கு அன்றைக்கு என்ன மயக்கமோ, ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் என் பெண் உஸ்தீனியாவின் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

மாப்பிள்ளை கிளிம் நல்ல பையன். பையன் என்கிறேன், நாற்பதாகிறது. வோல்கவ் ஆற்று அணையில் படகுகளுக்கு மதகு திறந்துவிடுகிற வேலை. மதகு எவ்வளவு பேசுமோ அவ்வளவுதான் அவனும் பேசுவான். உஸ்தீனியாவோ நாள் முழுக்கப் பசுக்களின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும் வைத்தியர். அவளுக்குப் பேசாத பிராணிகள்தான் ஒத்துவரும். முப்பத்தாறு வயதில், இனி யாரும் வர மாட்டார்கள் என்று நானே மனசுக்குள் கை கழுவியிருந்த நேரத்தில், அவள் இவனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அன்றைக்கு அவள் சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள் அக்கா. என் வீட்டுக்காரி நோன்னா கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் பாட்டு கேட்டது அன்றைக்குத்தான். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். எனவே மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவனைப் பெற்றவர்மேல்தான்.

சம்பந்தி கோர்தேய் சவ்விச் லதோகாக்காரர். தீயணைப்புப் படையில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பு வேண்டுமென்றாலும் எரிகிற வீட்டின் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படிதான் கேட்பார். பெண் வீட்டார் என்ற முறையில் மரியாதைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உஸ்தீனியாவும் அவர்கள் ஊருக்குப் போனோம். மேஜையில் மீன் அப்பம் ஆவி பறக்கிறது, சம்பந்தியம்மா மெலானியா ஊறுகாய்க் காளானைக் கிண்ணத்தில் அள்ளி வைக்கிறாள், நான் நாற்காலியை இழுக்கிறேன். இவர் என் தோளைப் பிடித்து நிறுத்துகிறார். "உக்காராதீங்க சம்பந்தி! முதல்ல நாடு எங்க பொறந்துச்சுன்னு பார்த்துட்டு வருவோம், அப்புறம் சாப்பாடு!" என்கிறார். நாடு பிறந்த இடத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் அது ஓடியா போய்விடும்? காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவனை, சேற்றில் இழுத்துக்கொண்டு போனார். ஊர் முகப்பில் பெரிய பலகை, ருஷ்யாவின் முதல் தலைநகர் என்று. பலகைக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது. தலைநகரில் அன்றைக்கு நடமாட்டம் என்று பார்த்தால் அது ஒன்றுதான், அதுவும் எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

கோட்டையைச் சுற்றிக் காட்டினார். பாதிக் கல் பழசு, மீதிக் கல் என் பல்செட்டைவிடப் புதுசு. பிறகு ஆற்றங்கரை மேட்டுக்கு ஏற்றினார். ரூரிக்குக்கு அப்புறம் ஆண்ட ஒலேக் அங்கேதான் புதைந்திருக்கிறானாம். செத்த குதிரையின் மண்டையோட்டில் காலை வைத்து, அதற்குள்ளிருந்து வந்த பாம்பு கடித்துச் செத்தவன். முழங்கால் முனகுகிறது, வயிறு கத்துகிறது, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னொரு ஊர்லயும் ஒலேக்கைப் புதைச்ச இடம்னு காட்டுறாங்களே சம்பந்தி. ரெண்டு தடவை செத்தாரா?" என்றேன். "பெரிய மனுஷங்களுக்கு ரெண்டு ஊர்ல சமாதி இருக்கும் சம்பந்தி. உங்களுக்கு ஒரு ஊர்லயாவது கிடைக்குமான்னு பாருங்க" என்றார் அவர். பெண்ணைக் கொடுக்கப் போனவனிடம் பேசுகிற பேச்சா இது? அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள் எதுவோ சரசரத்தது. எரிகிற கட்டடங்களுக்குள் புகுந்து பதக்கம் வாங்கியவர், மேட்டிலிருந்து கீழே போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்தது தவளை. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெலானியா என்னைவிட அதிகமாகச் சிரித்தாள், அவளை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேஜையில் அப்பம் கசந்துபோயிற்று. அவர் வீட்டிலேயே காய்ச்சிய சரக்கை ஊற்றி, "கடல்லேர்ந்து படகுல வர்றவன் எந்த ஊருக்கு முதல்ல வருவான்? எங்க ஊருக்கு! உங்க ஊருக்கு வரணும்னா இன்னும் எத்தனை நாள் துடுப்புப் போடணும்!" என்றார். நான் சொன்னேன், "வந்தான், பார்த்தான், இது தங்கற ஊர் இல்லைன்னு எங்க ஊருக்குத் துடுப்புப் போட்டான். அதுசரி, ஒரே ஆத்துல நாங்க மேல இருக்கோம், நீங்க கீழ இருக்கீங்க. நாங்க குளிச்ச தண்ணியைத்தான் நீங்க குடிக்கறீங்க." மூன்றாவது கோப்பையில் 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிட்டது. நம் பக்கத்தில் அது அன்பின் அடையாளம்தான். அன்றைக்கு அப்படி இல்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் முறை. நான் பட்ட பாட்டை அவரும் படட்டும் என்று, சாப்பாட்டைக் கண்ணில் காட்டாமல் நேராக ஊருக்கு வெளியே ரூரிக் குடியிருப்புக்குக் கூட்டிப்போனேன். உனக்குத்தான் தெரியுமே, ஏரியிலிருந்து ஆறு புறப்படுகிற இடத்தில் ஒரு மேடு, அதன்மேல் இடிந்த மாதா கோயில், மற்றபடி காற்று. நான் கையை விரித்து, "இதோ, இங்கதான்!" என்றேன். கோர்தேய் இடுப்பில் கை வைத்து நாலாபக்கமும் பார்த்தார். "எது?" என்றார். "இதுதான்." "புல்லா?" "அடியில பாருங்க சம்பந்தி, அடியில எவ்வளவு தோண்டி எடுத்திருக்காங்க தெரியுமா!" "அடியில பார்க்க நான் என்ன புழுவா? எங்க ஊர்ல ஆடு மேயுற இடத்துல இதைவிட வரலாறு கிடக்கு." மெலானியா உட்கார இடம் தேடி, கிடைக்காமல், கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அதற்குள் காற்று கோர்தேயின் தொப்பியைத் தூக்கி ஆற்றில் போட்டது. தொப்பி மிதந்து வடக்கே லதோகாப் பக்கம் போயிற்று. "பாருங்க, அதுக்கே தெரியுது, எந்த ஊர் முதல் ஊர்னு!" என்று கத்தினார் மனிதர். தொப்பி போன துக்கத்தைவிட அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது அவருக்கு.

கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு அந்தப் புல்மேட்டில்தான் வந்தது. லதோகாவில் வைத்தால் நான் தோற்றதாக அர்த்தம், நோவ்கொரோதில் வைத்தால் அவர் தோற்றதாக அர்த்தம். விருந்துக் கூடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏட்டுப் பிரதிகளைப் பற்றிப் பேசினோம். ரூரிக் ஸ்வீடன்காரன் என்றார் அவர், இல்லை நம் ஸ்லாவ் இனத்தவன்தான் என்றேன் நான். பாதி வழியில் இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டோம், அப்போதும் சண்டை நிற்கவில்லை. உஸ்தீனியா வந்து நடுவில் நின்றாள். "அப்பா, ரூரிக் வந்து ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு முப்பத்தாறு ஆச்சு. ரெண்டு பேர்ல யாருக்கு அவசரம்?" என்றாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் கோர்தேய், "ஆயிரத்து நூறுன்னா அது லதோகாக் கணக்குதான்!" என்றுவிட்டார். பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது, நீயே சொல்.

அக்கா, இனிமேல்தான் நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். எங்கள் கூத்தைப் பார்த்துச் சலித்துப்போன மெலானியா, "நமக்குள்ள ஒத்துவராது. வெளியூர் ஆள் யாரையாவது கூப்பிட்டுப் பொறுப்பைக் குடுத்திடுவோம். வந்து அவங்க சொல்றபடி நடப்போம்" என்றாள். ஆகா, நல்ல யோசனை என்று நான் கையைத் தட்டினேன். கோர்தேயும் தட்டினார். நின்றுகொண்டிருந்த இடம் ரூரிக் குடியிருப்பு. செய்த காரியம் என்ன என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கிளிம் மட்டும் ஒரு தடவை இருமினான். அவன் இருமியதை நாங்கள் சளி என்று நினைத்துக்கொண்டோம்.

ப்ஸ்கோவிலிருந்து ரெகீனா எதுவார்தோவ்னா என்று ஒரு பெண்மணி வந்தாள். கல்யாண வீடுகளில் விருந்தை நடத்திக்கொடுப்பது தொழில். தனியாக வரவில்லை, இரண்டு தம்பிகளோடு வந்தாள். ரூரிக்கும் இரண்டு தம்பிகளோடுதான் வந்தான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, அவ்வளவு மரமண்டை. ஒரு தம்பி அக்கார்டியன் வாசிப்பான், இன்னொருவன் படம் பிடிப்பான், இருவரும் சாப்பிடுவார்கள். என் வீட்டில்தான் தங்கினார்கள். அக்கார்டியன் தம்பி என் கட்டிலில் படுத்தான், நான் சமையலறை பெஞ்சில் படுத்தேன். "ஒழுங்கு வேணும், வெனியமின் பங்கிராத்திச்! உங்க வீட்ல எல்லாம் இருக்கு, ஒழுங்குதான் இல்லை!" என்று சொல்லிக்கொண்டே என் அலமாரியைக் காலி பண்ணித் தன் உடுப்புகளை மாட்டினாள். என் வாழ்த்துரைக்குத் தடை. கோர்தேயின் சரக்குக்குத் தடை. நீ அனுப்பிய உப்புக் காளான் ஜாடிகள், லதோகாவிலிருந்து வந்த புகைபோட்ட மீன், எல்லாம் விருந்துக்கு என்று வசூலித்து வைத்துக்கொண்டாள். விருந்து வரை எதுவும் மிஞ்சவில்லை. வீட்டுக்கு வீடு கப்பம் கட்டினோம் என்று வைத்துக்கொள். வேடிக்கை என்னவென்றால், எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருத்தர் அதட்டுகிறார்கள், நாம் முணுமுணுத்துக்கொண்டு செய்கிறோம். நம் ஜனங்களுக்கு இதைவிட என்ன சுகம் வேண்டும்?

ஒரு வாரம் ஆண்ட பிறகு தீர்ப்பு சொன்னாள். "லதோகாவும் வேண்டாம், நோவ்கொரோதும் வேண்டாம். கல்யாணம் இஸ்போர்ஸ்க்ல." இஸ்போர்ஸ்க் அவளுடைய சொந்த ஊர்ப் பக்கம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. சரி, யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை என்று ஒப்புக்கொண்டோம். இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று போன சனிக்கிழமை எல்லோரையும் வாடகை வேனில் ஏற்றினாள். கோட்டை நன்றாகத்தான் இருந்தது, கீழே பாறையிலிருந்து ஊற்றுகள் கொட்டுகின்றன, ஏரியில் அன்னங்கள். கிளிம் உஸ்தீனியாவின் மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவளோடு ஊற்றுப் பக்கம் நடந்தான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ரெகீனா எங்களை ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் அழைத்துப்போய், ஆளுயரக் கற்சிலுவை ஒன்றின் முன்னால் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "இங்கதான் ரூரிக்கோட தம்பி த்ரூவோர் உறங்கறார். சொல்லப்போனா, ருஷ்யா உண்மையில ஆரம்பிச்சது..."

"பொய்!" என்றேன் நான். அதே கணத்தில் "பொய்!" என்றார் கோர்தேய். கல்லறைத் தோட்டத்துக் காகங்கள் எல்லாம் எழுந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அந்தச் சிலுவை அவன் செத்து அஞ்சாறு நூறு வருஷம் கழிச்சு செதுக்கினது!" என்றார் அவர். "த்ரூவோர்னு ஒருத்தன் பொறந்தானாங்கறதே சந்தேகம்!" என்றேன் நான். "சரியா சொன்னீங்க சம்பந்தி!" "நீங்க சொன்னதும் சரி சம்பந்தி!" அவர் என்னைக் கட்டிப்பிடித்து மூன்று முறை முத்தமிட்டார். ரெகீனா வெளுத்துப்போனாள். "என் ஊருக்கு வந்து என் த்ரூவோரையே இல்லைங்கறீங்களா? உங்களுக்குக் கல்யாணம் ஒரு கேடா? அக்கார்டியனைத் தூக்குடா எமில்!" என்றாள். தூக்கினான். வேனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். விருந்துக் கூடமும் அவள் பெயரில்தான் பிடித்திருந்தது, அதுவும் போயிற்று.

நாங்கள் கவலைப்படவில்லை. கோர்தேய் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்தார், த்ரூவோர் மேலேயே வைத்து இரண்டு பேரும் குடித்தோம். நாற்பது வருஷப் பழக்கம் மாதிரி இருந்தது. கல்யாணத்தை எங்கே வேண்டுமானாலும் வைப்போம் சம்பந்தி என்றார் அவர், உங்க ஊர்லயே வைங்க என்றேன் நான், இல்லை உங்க ஊர்லதான் என்றார் அவர். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு எந்தச் சனியன் பிடித்ததோ தெரியவில்லை, பாட்டிலை மூடிக்கொண்டே, "விட்டுக்குடுத்தீங்களே, பெரிய மனசு. ஆனா ரூரிக் முதல்ல வந்தது எங்க ஊருக்குத்தான், இல்லையா?" என்றேன்.

பெரிய சத்தம் கேட்டு ஊற்றுப் பக்கத்திலிருந்து உஸ்தீனியா ஓடிவந்தபோது, கோர்தேய் என் மப்ளரைப் பிடித்திருந்தார், நான் அவருடைய புதுத் தொப்பியைப் பிடித்திருந்தேன். அவள் கத்தவில்லை. பசு பிழைக்காது என்று வீட்டுக்காரரிடம் சொல்லும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வாள், அந்த முகத்தோடு, "இனிமே என் கல்யாணத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள். கிளிம் அவளுக்கு மேலங்கியைப் போட்டுவிட்டான். வேன் போய்விட்டதால் பேருந்து பிடித்து ஊர் திரும்பினோம்.

நான் செய்த காரியத்தைப் பார் அக்கா. ஊரிலுள்ள மாட்டுக்கெல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிற பெண்ணுக்கு, வீடு திரும்பினால் ஒரு கோப்பை தேநீர் ஊற்றித் தர ஒருவன் வந்தான். அவனை நான் ரூரிக்கைக் காட்டி விரட்டிவிட்டேன். நான் செத்த பிறகு அவள் இந்தச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்து ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இருந்தாலும் கோர்தேயிடம் போய் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவர் முதலில் கேட்கட்டும். முதல் என்பதில் அவருக்குத்தான் அவ்வளவு ஆசை ஆயிற்றே.

ஆகவே வர வேண்டாம், ரொட்டி சுட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். பக்கத்து வீட்டு லுக்கேரியாவுக்கு விசாரிப்பு. குளிர் வருகிறது, காதை மூடிக்கொள். ஆண்டவர் உன் கூரையையும் கோழிகளையும் காப்பாராக. வாத்தைப் பற்றி நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

என்றும் உன் அன்புத் தம்பி,
வெனியமின்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் உஸ்தீனியா வந்தாள், பின்னாலேயே கிளிம் தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்! நாங்கள் புல்மேட்டில் சண்டை போட்ட மறுநாளே மனுப் போட்டு, பதிவு அலுவலகத்தில் நாள் வாங்கி, இஸ்போர்ஸ்குக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இஸ்போர்ஸ்கில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார்களாம், நாங்கள்தான் இடம் கொடுக்கவில்லையாம். எந்த ஊர்ப் பதிவு அலுவலகம் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். "சொன்னா ருஷ்யா அங்கதான் ஆரம்பிச்சுதுன்னு ரெண்டு பேரும் கிளம்பிப் போயிடுவீங்க" என்கிறாள். அடையாளப் புத்தகத்தில் கல்யாண முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அது இப்போது கட்டாயம் இல்லையாம், குத்திக்கொள்ளவில்லை. கிளிமைப் பிடித்து உலுக்கினேன். இத்தனை நாளில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்: "சின்ன ஊர், மாமா. அங்க எதுவும் ஆரம்பிக்கலை. நாங்க மட்டும்தான்." உடனே லதோகாவுக்குத் தொலைபேசி போட்டேன். கோர்தேயும் அழுதார், நானும் அழுதேன். பெரிய ரொட்டியாகச் சுட்டு எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் வா. உஸ்தீனியா சின்ன வயதிலிருந்து உன்னிடம் எதையும் மறைத்ததில்லை. அது எந்த ஊர் என்று உனக்குத் தெரிந்திருந்தால் என் காதில் மட்டும் சொல், கோர்தேய்க்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.